மஜ்ஜையில் இரு மரணங்கள்: மனிதச் சிவப்பணு உருவாக்கம் பற்றி ஒரு விசாரணை

1. கேள்வி

வளர்ந்த மனிதரின் எலும்பு மஜ்ஜை வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை இரத்தத்துக்கு அனுப்புகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி. இந்த எண் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. ஆனால் மஜ்ஜைக்குள்ளேயே செத்து, இரத்தத்தின் முகத்தையே பார்க்காமல் போகும் செல்களைப் பற்றி அதே நூல்கள் ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு பத்திக்குள்ளும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு செய்திகள் இருக்கும். சிவப்பணு உற்பத்தியின் அளவைத் தீர்மானிப்பதே முன்னோடிச் செல்களின் திட்டமிட்ட மரணம்தான் என்பது முதல் செய்தி. தலசீமியா போன்ற நோய்களில் இரத்தசோகை வருவதும் முன்னோடிச் செல்களின் திட்டமிட்ட மரணத்தால்தான் என்பது அடுத்தது.

உடல் நலத்தைக் காக்கும் ஏற்பாடும் நோயின் காரணமும் ஒரே நிகழ்வாக இருக்க முடியுமா? முடியாது என்றில்லை; அளவு மிஞ்சினால் எதுவும் நோயாகலாம். ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இது வெறும் அளவுப் பிரச்சினையாகத் தெரியவில்லை. மஜ்ஜையில் இரண்டு மரணங்கள் நடக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். ஹீமோகுளோபின் சேருமுன் நிகழ்வதை முன்மரணம் என்றும், சேர்ந்த பின் நிகழ்வதைப் பின்மரணம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். காலம், காரணம், விட்டுச்செல்லும் தடயம், கட்டுப்படுத்தும் மருந்து ஆகிய நான்கிலும் இவை வேறுபடுகின்றன. இவற்றோடு மூன்றாவதாக ஒரு கவர்ச்சியான கருத்தும் உலவுகிறது: சிவப்பணு முதிர்வதே பாதியில் நிறுத்தப்பட்ட மரணம் என்று. அதையும் எடைபோட்டாக வேண்டும்.

2. பின்னணி

1972-இல் பிரிஸ்பேனில் பணியாற்றிய ஜான் கெர், அபர்டீனைச் சேர்ந்த ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையில்தான் அபோப்டோசிஸ் என்ற பெயர் முதலில் வந்தது. அடிபட்டுச் சாகும் செல் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைச் சிந்தி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்கும். அபோப்டோசிஸில் அப்படி இல்லை. செல் சுருங்குகிறது. உட்கரு இறுகித் துண்டாகிறது. சவ்வு கிழியாமலே செல் சிறு பொட்டலங்களாகப் பிரிய, அருகிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. இதை நடத்துபவை காஸ்பேஸ் என்னும் நொதிகள். அவை கிளம்பலாமா கூடாதா என்று மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நின்று முடிவு செய்பவை பிசிஎல்-2 குடும்பத்துப் புரதங்கள்.

அந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் இரத்தத்தின் வழியாகவே நமக்கு அறிமுகமானது. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இடத்தில் பிசிஎல்-2 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோய் மரபணு என்றாலே செல்லைப் பெருக்குவது என்று நம்பியிருந்த காலம் அது. மெல்போர்னில் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் 1988-இல் காட்டியது வேறு: இந்த மரபணு இரத்தச் செல்களைப் பெருக்கவில்லை, சாகவிடாமல் தடுத்தது. சாகாமலிருப்பதற்கும் செல்லுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

சிவப்பணுவின் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டெம் செல்லிலிருந்து பல படிகள் இறங்கி வரும் முன்னோடி, சிஎஃப்யு-ஈ என்ற நிலையை அடைகிறது. அது புரோஎரித்ரோபிளாஸ்ட் ஆகி, பிறகு நான்கைந்து முறை பிளவுபடுகிறது. ஒவ்வொரு பிளவிலும் செல் சிறுக்கிறது, உட்கரு இறுகுகிறது, ஹீமோகுளோபின் கூடுகிறது. கடைசியில் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, ஓரிரு நாளில் மஜ்ஜையை விட்டுப் புறப்படுகிறது. பாதையின் பெரும்பகுதியை அது ஒரு மேக்ரோஃபேஜைச் சூழ்ந்த கூட்டத்தில் ஒன்றாகக் கழிக்கிறது. ‘எரித்ரோபிளாஸ்ட் தீவு’ என்று அறியப்படும் இந்த அமைப்பைப் பாரிஸில் மார்செல் பெசி 1958-இல் விவரித்தார். வளர்க்கும் மேக்ரோஃபேஜே செத்தவற்றையும் விழுங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கைச் சிக்கலுக்கு அது பின்னால் உதவும்.

3. முன்மரணம்: எரித்ரோபொய்ட்டின் செய்வது என்ன?

இரத்தம் குறைந்தால் மஜ்ஜையை முடுக்கிவிடும் ஒரு பொருள் உடலில் உண்டு என்று பால் கார்னோவும் குளோட்டில்ட் டெஃப்ளாண்ட்ரும் 1906-இலேயே ஊகித்தார்கள். அதைக் கைக்குக் கொண்டுவர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏபிளாஸ்டிக் இரத்தசோகை நோயாளிகளின் மஜ்ஜை வெறுமையாகிக் கிடப்பதால், அவர்கள் உடல் இந்தப் பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது சிறுநீரிலும் இறங்குகிறது. ஜப்பானில் டாகாஜி மியாகே சேகரித்த அத்தகைய 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து, சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசரின் ஆய்வகம் 1977-இல் தூய எரித்ரோபொய்ட்டினைப் பிரித்தெடுத்தது. 1985-இல் மரபணு கிடைத்தது. 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதியும் கிடைத்தது. இன்று நம் ஊர் டயாலிசிஸ் நிலையங்களிலும் போடப்படும் ஊசி இதன் வழிவந்ததே.

சுரப்பவை சிறுநீரகங்கள் என்பதும், விளைவு சிவப்பணுப் பெருக்கம் என்பதும் தெரிந்த பிறகு, நடுவில் நடப்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேள்வி எழுப்பவில்லை. பெருக்கம் நிகழ்கிறதென்றால் தூண்டுதல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் இயல்பாகவே தோன்றியது. 1990-இல் ‘சயின்ஸ்’ இதழில் மார்க் கூரியும் மாரிஸ் பாண்டுராண்டும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. எலியின் சிவப்பணு முன்னோடிகளை எரித்ரோபொய்ட்டின் இல்லாமல் வளர்த்தபோது அவை வெறுமனே நின்றுவிடவில்லை. தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே துண்டாக்கிக்கொண்டு செத்தன. எரித்ரோபொய்ட்டின் இருந்தால் அந்தத் துண்டாதல் தடைபட்டது. சாவு இயல்பாகவே நிகழ்கிறது. ஹார்மோன் அதிலிருந்து மீட்கிறது. மூன்றாண்டுகள் கழித்து முட்டாவும் க்ரான்ட்ஸும் மனித முன்னோடிச் செல்களிலும் இதையே கண்டார்கள். அங்கே எரித்ரோபொய்ட்டினோடு ஸ்டெம் செல் காரணியும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியும்கூடச் சாவைக் குறைத்தன.

இதைவிட முக்கியமானது, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு தொடர்ச்சி. ஹார்மோன் இருந்தால் எல்லாம் பிழைக்கும், இல்லாவிட்டால் எல்லாம் சாகும் என்றால் உற்பத்தியை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது. 1993-இல் கெல்லி, கூரி, பாண்டுராண்ட் மூவரும் இதற்கு விடை சொன்னார்கள். ஒரே நிலையில் இருக்கும் செல்களின் தேவையும் ஒன்றாக இல்லை. சிலவற்றுக்குச் சிறிதளவு எரித்ரோபொய்ட்டின் போதும். சிலவற்றுக்குப் பல மடங்கு வேண்டும். சாதாரண நாட்களில் இரத்தத்தில் இருக்கும் அளவுக்கு முதல் வகையே பிழைக்கிறது. இரத்த இழப்பு நேர்ந்து ஹார்மோன் ஏறும்போது, மற்ற நாட்களில் செத்திருக்கக்கூடிய செல்களும் கரையேறுகின்றன. புதிதாக உற்பத்தியைத் தொடங்க வேண்டிய தாமதம் இல்லை. கடும் இரத்தசோகையில் எரித்ரோபொய்ட்டின் ஆயிரம் மடங்கு வரை ஏறக்கூடும் என்ற மருத்துவச் செய்தி இந்த விளக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் காப்பாற்றப்படுவதற்குச் சில செல்கள் காத்திருக்கின்றன.

இந்தச் சார்பு வெகுநேரம் நீடிப்பதில்லை. சிஎஃப்யு-ஈ நிலையில் தொடங்கி, ஹீமோகுளோபின் திரளத் தொடங்கும் எரித்ரோபிளாஸ்ட் நிலையில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் செல்லுக்கு எரித்ரோபொய்ட்டின் தேவையில்லை. பிசிஎல்-2 குடும்பத்தைச் சேர்ந்த பிசிஎல்-எக்ஸ்எல் என்ற புரதம் காவலை ஏற்கிறது. எலியில் அதன் மரபணுவை நீக்கியபோது கருவிலேயே இரத்தச் செல்கள் கூட்டமாகச் செத்தன என்று 1995-இல் மோட்டோயாமா குழு காட்டியது. நாம் முன்மரணம் என்று குறிப்பது இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிகழ்வதுதான்.

இங்கே ஃபாஸ் என்ற ஏற்பியையும் சொல்லாமல் விட முடியாது. ரோமில் ருஜெரோ டி மரியா, சேசரே பெஸ்கிளே குழுவினர் 1999-இல் மனித மஜ்ஜைச் செல்களில் கண்டது: முதிர்ந்த எரித்ரோபிளாஸ்ட்கள் தம் மேற்பரப்பில் ஃபாஸ் ஏற்பியை இயக்கும் புரதத்தை ஏந்தி நிற்கின்றன, பக்கத்திலுள்ள இளைய செல்களை அதனால் கொல்ல முடியும். எரித்ரோபொய்ட்டின் மிகுந்தால் இந்தக் கொலை தடைபடுகிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் மூத்தவை இளையவற்றின் வரவைக் குறைக்கும் என்பது அழகான விளக்கம். ஆனால் எலியில் படம் வேறு. அங்கே இளைய செல்களே ஏற்பியையும் அதை இயக்கும் புரதத்தையும் சேர்த்துத் தாங்குகின்றன. அவசர உற்பத்தி நடப்பதும் பெரும்பாலும் மண்ணீரலில். விளைவு ஒன்றுபோல இருந்தாலும் கொல்பவர் யார் என்பது இரண்டு உயிரினங்களிலும் மாறுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு எடுத்துவைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

4. பின்மரணம்: மலத்திலும் இரும்பிலும் கிடைத்த சாட்சி

முன்மரணம் ஆய்வகக் கிண்ணத்தில் தெரிந்தது. பின்மரணம் அதற்கு நாற்பதாண்டுகள் முன்பே, உயிருள்ள மனிதரிடம் தெரிந்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷெமின், நைட்ரஜன்-15 அடையாளமிட்ட கிளைசின் 66 கிராமை மூன்று நாட்களுக்குள் தானே சாப்பிட்டு, தன் இரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்தார். கிளைசின் ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியைக் கட்டப் பயன்படுவதால், அடையாளம் சிவப்பணுவுக்குள் நுழைந்து அதன் ஆயுள் முழுக்க அங்கேயே தங்கியது. ஷெமினும் ரிட்டன்பெர்க்கும் 1946-இல் வெளியிட்ட கணக்குப்படி அந்தச் சிவப்பணுக்களின் சராசரி ஆயுள் 127 நாட்கள்.

வியப்பு அடுத்த ஆய்வில் வந்தது. சிவப்பணு அழியும்போது அதன் ஹீம் பிலிரூபினாகி, மலத்தில் நிறமியாக வெளியேறுகிறது. அப்படியானால் அடையாளமிட்ட நிறமி நான்கு மாதம் கழித்துத்தான் மலத்தில் தோன்ற வேண்டும். 1950-இல் இர்விங் லண்டன், ஷெமின் முதலானோர் ஆரோக்கியமான மனிதரிடம் தேடியபோது, ஒரு பகுதி முதல் சில நாட்களிலேயே வெளிவந்தது. மொத்த நிறமியில் இந்த முந்திய பங்கு 10 முதல் 20 விழுக்காடு என்று இன்றைய நூல்கள் குறிக்கின்றன. பெர்னிஷியஸ் இரத்தசோகையில் அது பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஹீமோகுளோபினைக் கட்டிய செல்கள் மஜ்ஜையை விட்டு வெளியேறாமலே அழிகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று அன்று கிடையாது.

ஆனாலும் இந்தச் சான்றை அளவோடுதான் நம்ப வேண்டும். கல்லீரலின் சொந்த ஹீம் புரதங்களும் வேகமாக அழிந்து புதுப்பிக்கப்படுகின்றன. முந்திய நிறமியில் அவற்றின் பங்கும் இருக்கிறது. உட்கரு வெளியேறும்போது அதைச் சுற்றி ஒட்டிப்போகும் ஹீமோகுளோபினுக்கும் சிறு பங்குண்டு. ஆகவே ஆரோக்கியமான மஜ்ஜையில் பத்தில் ஒன்று, இரண்டு என்று செல் மரணத்தை இந்த எண்ணிலிருந்து நேரடியாக எடுத்து எழுதுவது சரியல்ல. அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. சிஎஃப்யு-ஈ நிலையில் சாகும் செல்லிடம் ஹீமோகுளோபினே இல்லை. அது செத்தால் மலத்தில் தடயம் விழாது. இரும்பின் பாதையைக் கதிரியக்க அடையாளத்தால் தொடர்ந்த கிளெமென்ட் ஃபின்ச் குழுவின் முறைக்கும் இதே குறை உண்டு. இரும்பை இன்னும் வாங்காத செல்லின் சாவை அந்த முறையால் எண்ண முடியாது. எரித்ரோபொய்ட்டின் கட்டுப்படுத்தும் மரணமும் உயிருள்ள மனிதரிடம் அளக்கப்பட்ட மரணமும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பல கட்டுரைகள் ஒன்றுக்கு மற்றொன்றைச் சான்றாகக் காட்டுகின்றன. அது தவறு.

பின்மரணத்தின் முழு முகம் தலசீமியாவில் தெரிகிறது. பீட்டா தலசீமியாவில் பீட்டா குளோபின் சங்கிலி போதாமல், ஆல்ஃபா சங்கிலிகள் துணையின்றி மிஞ்சுகின்றன. அவை செல்லுக்குள் படிந்து சவ்வையும் உட்பொருளையும் கெடுக்கின்றன. இரும்புக் கணக்கின்படி கடுமையான வகையில் முன்னோடிகளில் 60 முதல் 80 விழுக்காடு வரை மஜ்ஜையிலேயே அழிகின்றன. 1993-இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி ஷ்ரையர் பங்கேற்ற குழு, நோயாளிகளின் மஜ்ஜைச் செல்களில் டிஎன்ஏ துண்டாதலைக் காட்டி, இந்த அழிவு அபோப்டோசிஸ்தான் என்று நிறுவியது. சாவு நிகழும் இடம் ஹீமோகுளோபின் பாதி நிறைந்த பாலிகுரோமாட்டிக் நிலை என்பது 2000-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. எரித்ரோபொய்ட்டின் காவல் காக்கும் எல்லையை இந்தச் செல்கள் எப்போதோ கடந்துவிட்டவை.

இதன் உள்விவரத்தைப் பாரிஸின் ஒலிவியே ஹெர்மின் குழு படிப்படியாகத் திறந்தது. மனிதச் சிவப்பணு முன்னோடியில் காஸ்பேஸ்-3 இயல்பான வளர்ச்சியின்போதே விழித்துக்கொள்கிறது. அது காட்டா-1 என்னும் புரதத்தை வெட்டிவிட்டால் செல் செத்துவிடும். ஏனெனில் சிவப்பணுவாவதற்கான மரபணுக்களை நடத்துவது காட்டா-1. ஹெச்எஸ்பி-70 என்ற பாதுகாப்புப் புரதம் உட்கருவுக்குள் புகுந்து காட்டா-1-ஐ மறைத்துக் காக்கிறது. எரித்ரோபொய்ட்டினை நீக்கினால் ஹெச்எஸ்பி-70 உட்கருவை விட்டு வெளியேறுகிறது; வெட்டு விழுகிறது. இது 2007-இல் வந்த செய்தி. 2014-இல் இதே குழு தலசீமியா நோயாளிகளின் செல்களில் கண்டது: மிஞ்சிய ஆல்ஃபா சங்கிலிகள் ஹெச்எஸ்பி-70-ஐ உட்கருவுக்கு வெளியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. காவலர் வாசலிலேயே மாட்டிக்கொள்ள, உள்ளே காட்டா-1 வெட்டுப்படுகிறது.

இரு மரணங்களும் ஒரே கத்தியைப் பயன்படுத்துகின்றன என்பது இதனால் உறுதியாகிறது. என் வாதத்துக்கு இது எதிரானதா? இல்லையென்றே நினைக்கிறேன். முன்மரணத்தில் காவலர் உள்ளே நிற்பதை நிர்ணயிப்பது உடலின் தேவை. ஆக்ஸிஜன் குறைந்தால் செய்தி சிறுநீரகத்திலிருந்து வருகிறது. பின்மரணத்தில் அதை நிர்ணயிப்பது அந்தச் செல்லின் சொந்தப் பழுது. உடல் எவ்வளவு மன்றாடினாலும் பழுது நீங்காது. மன்றாடுவதே கேடாகிறது என்பதுதான் தலசீமியாவின் கொடுமை. எரித்ரோபொய்ட்டின் உயர உயர முன்னோடிகள் பெருகுகின்றன. மஜ்ஜை விரிந்து எலும்பை மெலிய வைக்கிறது. பெருகிய எரித்ரோபிளாஸ்ட்கள் எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரும்பை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினை அடக்குகின்றன. இரத்தம் ஏற்றாத நோயாளியின் உடலிலும் இரும்பு தேங்குவது இதனால்தான்.

ஃபோலேட் குறைவால் வரும் இரத்தசோகை இரு மரணங்களின் எல்லையில் நிற்கிறது. இந்த நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பின்னர் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்த நோயைத் தீர்த்ததை அவர் 1931-இல் அறிவித்தார். பின்னர் அந்தச் சத்து ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. இந்நோயாளிகளின் மஜ்ஜை செல்களால் நிரம்பி வழியும், இரத்தமோ வெளிறிக் கிடக்கும். ஃபோலேட் இல்லாமல், டிஎன்ஏவைக் கட்ட வேண்டிய தைமிடின் போதாது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நேரத்தில் செல் மாட்டிக்கொண்டு சாகிறது. எலியின் செல்களுக்குத் தைமிடினை ஊட்டினால் இந்தச் சாவைத் தடுக்க முடிந்தது என்று கூரியும் ஹோர்னும் 1994-இல் காட்டினார்கள். வில்ஸ் கண்ட முரணுக்கு விளக்கம் கிடைக்க அறுபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

5. பிணங்களை எண்ணுவது

இத்தனை செல்கள் சாகின்றன என்றால், மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது பிணக்குவியலே தெரிய வேண்டாமா? தெரிவதில்லை. தலசீமியா மஜ்ஜையிலும் அபோப்டோசிஸ் குறிகள் காட்டும் செல்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இதை வைத்தே ஸ்டெஃபானோ ரிவெல்லாவின் குழு 2008-இல் ஒரு மாற்று வாசிப்பை முன்வைத்தது: தலசீமியாவில் மரணத்தைவிட, முதிராமல் பெருகிக்கொண்டே இருப்பதுதான் முதன்மைக் குறை என்று.

இந்த வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நோயாளிகளின் பெருத்த மண்ணீரலும் விரிந்த மஜ்ஜையும் அதற்குச் சாதகம். ஆனால் ‘பிணங்கள் குறைவு, ஆகவே சாவு குறைவு’ என்ற படியை மட்டும் ஒரு கணக்குப் போட்டுச் சோதிக்கலாம். மணிக்கு 100 செல்கள் ஒரு நிலைக்குள் நுழைகின்றன என்று கொள்வோம். அந்த நிலை 24 மணி நேரம் நீடிக்கிறது. அதற்குள் சீரான வேகத்தில் சரிபாதி செத்துவிடுகின்றன. செத்ததை மேக்ரோஃபேஜ் ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடுகிறது. இந்நிலையில் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உயிருள்ளவை சுமார் 1,730 இருக்கும். செத்தவை 50 மட்டுமே. பாதி செல்கள் அழிந்தும் கண்ணுக்குத் தெரிவது 3 விழுக்காடுகூட இல்லை. எரித்ரோபிளாஸ்ட் தீவின் நடுவிலேயே மேக்ரோஃபேஜ் அமர்ந்திருக்கும்போது ஒரு மணி நேரம் என்பதேகூடத் தாராளமான அனுமானமாக இருக்கலாம். எனவே குறைந்த விழுக்காடு எதையும் நிரூபிக்காது. மேக்ரோஃபேஜ் இல்லாத வளர்ப்புக் கிண்ணத்தில் பிணங்கள் அப்படியே மிதப்பதால், அங்கே கிடைக்கும் பெரிய விழுக்காடும் மஜ்ஜைக்குப் பொருந்தாது.

6. முதிர்வது பாதி மரணமா?

உட்கரு இறுகுகிறது, காஸ்பேஸ் விழிக்கிறது, மைட்டோகாண்ட்ரியா மறைகிறது, கடைசியில் உட்கருவே போய்விடுகிறது. சிவப்பணுவின் முதிர்ச்சியை அபோப்டோசிஸின் அரைகுறை வடிவம் என்று வருணிக்கும் ஆசை புரிந்துகொள்ளத்தக்கதே. அதற்கு ஆதரவான சான்றும் லேசானதல்ல. 2001-இல் ஹெர்மின் குழுவும் 2004-இல் கார்லைல் குழுவும் மனித முன்னோடிகளில் காஸ்பேஸ்-3-ஐத் தடுத்தபோது முதிர்ச்சி தடைபட்டது. 2016-இல் சிகாகோவில் பெங் ஜியின் ஆய்வகம் எலிச் செல்களில், காஸ்பேஸ்-3 உட்கருவின் உறையில் திறப்பு உண்டாக்க, ஹிஸ்டோன்கள் வெளியேறி உட்கரு இறுகுவதைக் காட்டியது.

என்றாலும் ‘பாதி மரணம்’ என்ற வருணனையை நான் ஏற்கவில்லை. காரணம், தோற்றத்தில் ஒத்த இந்நிகழ்வுகளின் உள்வேலை வேறு. உட்கரு துண்டாகிச் சிதறுவதில்லை. ஆக்டின் இழைகளின் உதவியோடு, சமமற்ற செல் பிளவைப் போல முழுதாக வெளியேற்றப்படுகிறது. ‘என்னைத் தின்னு’ என்று மேக்ரோஃபேஜுக்குச் சொல்லும் ஃபாஸ்ஃபாட்டிடில் செரின் என்ற கொழுப்பு, வெளியேறிய உட்கருவைச் சூழ்ந்த சவ்வில் வெளிப்படுகிறது. உட்கருவை இழந்து பிழைத்த இளஞ்சிவப்பணுவான ரெட்டிகுலோசைட்டில் அல்ல. இது 2005-இல் ஜப்பானியக் குழு எலிகளில் கண்டது. மைட்டோகாண்ட்ரியாவை நீக்குவது நிக்ஸ் என்ற புரதம் வழிநடத்தும் தன்விழுங்கல் முறை. காஸ்பேஸின் வேலை அல்ல.

இவற்றைவிடத் தீர்மானமான சான்று ஷிகேகாசு நாகாட்டாவின் ஆய்வகம் 2001-இல் தந்தது. டிஎன்ஏஸ்-2 என்ற நொதி இல்லாத எலிகள் கருவிலேயே கடும் இரத்தசோகையால் செத்தன. அவற்றின் மேக்ரோஃபேஜ்களுக்குள் செரிக்கப்படாத டிஎன்ஏ குவிந்து கிடந்தது. அதாவது, வெளியேற்றப்பட்ட உட்கருவின் டிஎன்ஏவை அழிப்பது மேக்ரோஃபேஜ். அபோப்டோசிஸில் சாகும் செல் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டத் தொடங்கிவிடும். முதிரும் சிவப்பணு முன்னோடி அதைச் செய்வதில்லை. ஒரு நொதிக்கு இரண்டு வேலை இருக்கலாம். கத்தி கொலைக்கும் உதவும், காய் நறுக்கவும் உதவும். காய் நறுக்குவதைப் பாதிக் கொலை என்று யாரும் சொல்வதில்லை.

7. பிற இரத்த அணுக்கள்: சில வார்த்தைகள்

வெள்ளணுக்களில் கதை வேறு வடிவம் எடுக்கிறது. வடக்கு சுவீடனின் குடும்பங்களில் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொற்றால் இறப்பதை ரோல்ஃப் கோஸ்ட்மன் 1950-களில் விவரித்தார். இந்நோயில் நியூட்ரோஃபில் முன்னோடிகள் புரோமைலோசைட் நிலையைத் தாண்டுவதில்லை. 2007-இல் கிறிஸ்டோஃப் கிளைன் குழு காரணத்தைக் கண்டது: மைட்டோகாண்ட்ரியா சவ்வின் மின்னழுத்தத்தைத் தக்கவைக்கும் ஹாக்ஸ்-1 புரதம் இல்லாமல் செல்கள் அபோப்டோசிஸில் விழுகின்றன. ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி பெரும்பாலான நோயாளிகளைக் காப்பாற்றுகிறது. தைமஸில் டி செல்கள் சாவது முற்றிலும் தனித் தலைப்பு. அங்கே நடப்பது தேர்வு, உற்பத்திக் கட்டுப்பாடு அல்ல.

தட்டணுக்களில் நடந்த விவாதம் நம் ஆறாம் பகுதிக்குத் துணை நிற்கிறது. மெகாகேரியோசைட் என்ற ராட்சதச் செல் தட்டணுக்களை உதிர்ப்பதற்கே காஸ்பேஸ் வேண்டும் என்று மனிதச் செல் வளர்ப்பை வைத்து 2002-இல் ஒரு பிரெஞ்சுக் குழு எழுதியது. 2011-இல் மெல்போர்னின் பெஞ்சமின் கைல் குழு எலிகளில் நேர்மாறாகக் காட்டியது: அந்தச் செல் தன் மரண ஏற்பாட்டை அடக்கி வைத்தால்தான் பிழைத்துத் தட்டணுக்களைத் தருகிறது. சிதைவதுபோலத் தெரிந்ததெல்லாம் சாவு அல்ல என்பது இங்கும் நிரூபணமானது. இரத்தத்தில் தட்டணுவின் ஆயுளை அளப்பது பிசிஎல்-எக்ஸ்எல் என்று அதே ஆய்வகத்தார் 2007-இல் சொல்லியிருந்தார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் நாவிட்டோக்ளாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்தை மனிதருக்குக் கொடுத்தபோது தட்டணு எண்ணிக்கை விரைவாகச் சரிந்தது. பிசிஎல்-2-ஐ மட்டும் குறிவைக்கும்படி திருத்தி அமைக்கப்பட்ட வெனட்டோக்ளாக்ஸ் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

8. மருந்துகள் தரும் சாட்சி

இரு மரணங்கள் என்ற பிரிப்பு மேசையில் வரைந்த கோடாக மட்டும் இருந்தால் அதை வற்புறுத்தத் தேவையில்லை. நோயாளிகளிடம் அது பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு எரித்ரோபொய்ட்டின் குறைவு, முன்மரணம் மிகுதி. ஊசி போட்டால் இரத்தம் ஏறுகிறது. எதிர்ப்பக்கத்தில், ஜேஏகே-2 மரபணுவின் மாற்றத்தால் சிவப்பணு மிகையாகும் பாலிசைத்தீமியா வீராவில், முன்னோடிகள் எரித்ரோபொய்ட்டினே இல்லாமல் வளர்கின்றன; முன்மரணத்தின் பிடியிலிருந்து அவை நழுவிவிட்டன.

சோதனைக்கு மிகவும் உகந்தது மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். முதியவர்களுக்கு வரும் இந்நோயில், லூசி வில்ஸ் கண்ட அதே முரண்: நிரம்பிய மஜ்ஜை, வறண்ட இரத்தம். 1990-களில் அஸ்ரா ராஸா உள்ளிட்டோர் மஜ்ஜைத் திசுக்களில் மிகுதியான அபோப்டோசிஸைக் காட்டி இதற்கு விளக்கம் தந்தார்கள். எரித்ரோபொய்ட்டின் ஊசி இவர்களில் சிலருக்கே பயன்படுகிறது. இரத்தத்தில் அந்த ஹார்மோன் 500 அலகுக்கு மேல் ஏற்கெனவே இருந்தால், ஊசி பலன் தருவது அரிது. காப்பாற்றக்கூடிய முன்னோடிகளையெல்லாம் உடல் முன்பே காப்பாற்றிவிட்டது. சாவு அதற்கடுத்த கட்டத்தில் நிகழ்கிறது.

அந்த அடுத்த கட்டத்தில் வேலை செய்யும் மருந்து லஸ்பாடர்செப்ட். டிஜிஎஃப்-பீட்டா குடும்பத்தின் சில சமிக்ஞைப் புரதங்களைப் பிடித்து ஒதுக்கி, எரித்ரோபிளாஸ்டின் பிந்தைய முதிர்ச்சியை இது எளிதாக்குகிறது. பீட்டா தலசீமியாவுக்கு 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 336 பேரிடம் நடந்த சோதனையில், இரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது தணிந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 21.4 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 4.5 விழுக்காடு. மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோமின் வளைய சிடெரோபிளாஸ்ட் வகையில், எரித்ரோபொய்ட்டின் பலிக்காதவர்களையும் பலிக்க வாய்ப்பில்லாதவர்களையும் முக்கியமாகச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வெளிவந்தது. எட்டு வாரமோ அதற்கு மேலோ இரத்தம் ஏற்றாமலே இருக்க முடிந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 38 விழுக்காடு. போலி மருந்து பெற்றவர்களில் 13 விழுக்காடு.